ஹோம் அசிஸ்டன்டை மேம்படுத்தலாமா, அப்படியே விடலாமா?

கோயம்புத்தூரில் எங்கள் வீட்டு விளக்குகளையும் மோட்டார்களையும் சென்சார்களையும் ஒரே இடத்திலிருந்து இயக்குவது ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருள். அது ராஸ்பெர்ரி பை 3 என்ற சிறு கணினிப் பலகையில் ஓடுகிறது. பதிப்பு 2025.4, அதாவது 2025 ஏப்ரலில் வந்தது. குறை சொல்லும்படி எதுவும் இல்லை. விளக்குகள் நேரத்துக்கு எரிகின்றன, மோட்டார் நேரத்துக்கு நிற்கிறது, டாஷ்போர்டு திறப்பதற்குக் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பலகையில் தொடக்கத்திலிருந்தே இருப்பது 32 பிட் இயங்குதளம், இன்று வழக்கமான 64 பிட்டுக்கு முந்தைய வகை. 32 பிட் கணினிகளுக்கும், கோர், சூப்பர்வைஸ்டு என்ற இரண்டு நிறுவல் முறைகளுக்கும் ஆதரவை நிறுத்தப் போவதாக ஹோம் அசிஸ்டன்ட் குழுவினர் 2025 மே மாதத்தில் அறிவித்தார்கள். ஆறு மாத அவகாசம் கொடுத்து, 2025.12 வெளியீட்டோடு அதை நடைமுறைப்படுத்தியும் விட்டார்கள். ஆகவே ஒன்று, 64 பிட்டுக்கு மாறிப் புதிய பதிப்புக்குப் போக வேண்டும். அல்லது பலகை உழைக்கும் வரை 2025.4 இலேயே இருந்துவிட வேண்டும். இரண்டுக்கும் நியாயம் உண்டு என்பதால் அவசரப்படாமல் உட்கார்ந்து யோசித்தேன். இதே நிலையில் இருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் யோசித்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

இந்த மென்பொருளை நம்பி வீட்டில் என்னென்ன நடக்கிறது என்று சொன்னால்தான் தயக்கத்தின் காரணம் விளங்கும். எங்கள் பகுதியில் சிறுவாணித் தண்ணீர் அன்றாடம் வருவதில்லை. சில நாட்களுக்கு ஒருமுறைதான் வரும். வரும்போது சம்ப்பில் பிடித்து, அங்கிருந்து மோட்டார் போட்டு மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்ற வேண்டும். புழக்கத்துக்கான உப்புத் தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வேறொரு மோட்டார் வழியாக வேறொரு தொட்டிக்குப் போகிறது. ஒவ்வொரு தொட்டியின் மூடிக்கு அடியிலும் ஒலியலையால் நீர்மட்டத்தை அளக்கும் சென்சார் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ஸ்டார்ட்டருக்குப் பக்கத்திலும் மோட்டாருக்கு மின்சாரம் தரும் கான்டாக்டரை இழுக்கும் ரிலே என்ற சிறு மின் சுவிட்ச் ஒன்று இருக்கிறது. இவற்றை இயக்குபவை ஈஎஸ்பிஹோம் என்ற மென்பொருள் ஏற்றப்பட்ட, வைஃபை வழியாகப் பேசும் சின்னஞ்சிறு பலகைகள். மட்டம் குறைந்தால் மோட்டார் ஓடும், தொட்டி நிறைந்தால் நிற்கும், சம்ப்பில் தண்ணீர் இல்லையென்றால் தொடங்கவே தொடங்காது. அடுத்து, மீட்டர் பெட்டியை அடுத்துப் பொருத்திய மின் அளவி. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங் எடுக்கிறார்கள். அந்தக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமல்லாமல் அதற்கு முந்தைய யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் விகிதம் மாறிவிடுகிறது. எல்லையை நெருங்கும்போது எச்சரிக்கும் வேலையும் ஹோம் அசிஸ்டன்டுடையதே. இன்வெர்ட்டர் பேட்டரியின் நிலை, அப்பா இரவில் எழுந்தால் மாடிப்படியிலும் குளியலறை வழியிலும் தானாக எரியும் விளக்குகள், கூடத்தில் உள்ள ஸ்மார்ட் சுவிட்சுகள் ஆகியவையும் இதில் சேரும்.

இந்தப் பட்டியலை எழுதி முடித்தபோதே ஒன்று தெளிவாகிவிட்டது. மேம்படுத்தலாமா என்ற கேள்வியைப் புதிய பதிப்பில் என்ன வசதி வந்திருக்கிறது என்பதிலிருந்து தொடங்கக் கூடாது. மென்பொருள் ஒரு நாள் முழுக்கப் படுத்துவிட்டால் இந்த வீட்டில் எது நின்றுபோகும், அந்த நேரத்தில் வீட்டில் யார் இருப்பார்கள், அவர்களால் சமாளிக்க முடியுமா என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். விளக்கு எரியாவிட்டால் சுவிட்சைத் தட்டிக்கொள்ளலாம். மின் கணக்கு ஒரு நாள் விட்டுப்போனால் யாருக்கும் நட்டமில்லை. தொட்டி நிறைந்த பிறகும் மோட்டார் நிற்காமல் ஓடினால் தண்ணீர் வீணாகும்; சம்ப் காலியான பிறகும் ஓடினால் மோட்டாரே கருகிப் போகும். எனவே என்னைப் பொறுத்தவரை இது முதலில் மோட்டாரைப் பற்றிய கேள்வி, அதன் பிறகே மென்பொருளைப் பற்றிய கேள்வி.

அப்படியே விட்டுவிடலாம் என்ற பக்கத்தை முதலில் நேர்மையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது பலவீனமான பக்கம் அல்ல. ஹோம் அசிஸ்டன்ட் 2013 இல் பவுலஸ் ஸ்கவுட்சன் என்பவர் பைத்தானில் எழுதத் தொடங்கிய திட்டம். இன்று ஓப்பன் ஹோம் ஃபவுண்டேஷன் என்ற இலாப நோக்கற்ற அமைப்பின் கீழ், உலகம் முழுவதும் உள்ள தன்னார்வலர்களின் உழைப்பில் வளர்கிறது. மாதம் ஒரு பதிப்பு, வழக்கமாக மாதத்தின் முதல் புதன்கிழமை. ஆண்டையும் மாதத்தையும் பதிப்பு எண்ணாக வைக்கும் முறை 2020.12 இலிருந்து வந்தது. ஆயிரக்கணக்கான கருவிகளோடும் சேவைகளோடும் பேச வேண்டிய மென்பொருள் மாதந்தோறும் மாறுகிறது என்றால், அந்த மாற்றங்களில் சில முன்பு ஓடியதை ஓடாமல் செய்யும் என்பது தவிர்க்க முடியாதது. அவர்கள் அதை மறைப்பதில்லை. ஒவ்வொரு வெளியீட்டுக் குறிப்பின் கடைசியிலும், எவையெல்லாம் பழையபடி இயங்காது என்று தனிப் பகுதியாகவே போடுகிறார்கள். ஆனாலும் அதைப் படித்து, நம் வீட்டோடு பொருத்திப் பார்த்து, தேவையானதை மாற்றும் வேலை நம் தலையில்தான் விழுகிறது.

அந்த வேலை சில சமயம் சிறியது, சில சமயம் பெரியது. 2024.8 இல், கருவிகளுக்கு இடும் கட்டளையைக் குறித்த 'சர்வீஸ்' என்பதை 'ஆக்‌ஷன்' என்று பெயர் மாற்றினார்கள்; பழைய யாமல் கோப்புகள் (அமைப்புகளை எழுதி வைக்கும் உரைக் கோப்புகள்) தொடர்ந்து ஓடின, யாருக்கும் பாதிப்பில்லை. ஆனால் 2022.6 இல் ராஸ்பெர்ரி பையின் ஜிபிஐஓ ஊசிகளை (வயர் இணைக்கும் முனைகளை) நேரடியாக இயக்கும் இன்டெக்ரேஷனை, அதாவது இணைப்பு நிரலை, நீக்கியபோது, பலகையிலிருந்தே வயர் இழுத்து ரிலேயை இணைத்திருந்தவர்கள் வேறு வழி தேட வேண்டியிருந்தது. முன்கூட்டியே அறிவித்துத்தான் நீக்கினார்கள், உண்மைதான். இருந்தாலும், அன்று அந்த ரிலேயின் மறுமுனையில் ஒரு மோட்டார் இருந்திருந்தால் அந்த வீட்டுக்காரருக்கு அறிவிப்பு ஒரு பொருட்டாக இருந்திருக்காது. ஓடுகிற ஒன்றை ஏன் தொட வேண்டும் என்று கேட்பவர்கள் சோம்பேறித்தனத்தால் கேட்பதில்லை. வீடு ஒரு சோதனைக்கூடம் அல்ல, அதில் மற்றவர்களும் வாழ்கிறார்கள் என்ற பொறுப்பு அந்தக் கேள்வியில் இருக்கிறது.

சரி, அப்படியே விட்டால் என்ன ஆகும்? எல்லோரும் முதலில் சொல்வது பாதுகாப்பு. அது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2021 ஜனவரியில், பலரும் தனியாகச் சேர்த்துக்கொள்ளும் வெளியார் இன்டெக்ரேஷன்கள் சிலவற்றில், கடவுச்சொல் இல்லாமலே கோப்புகளைப் படிக்க விடும் ஓட்டைகள் வெளிப்பட்டன. அத்தகைய முயற்சிகளைத் தடுக்கும் ஏற்பாட்டை 2021.1.5 இல் மென்பொருளின் மையத்திலேயே சேர்த்தார்கள். 2023 மார்ச்சில் சூப்பர்வைசர் என்ற அடிப்படைப் பகுதியிலேயே ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. உள்நுழையாமலே வெளியார் ஒருவர் அதை இயக்கிவிட முடியும் என்பதால், தீவிரத்தில் 10க்கு 10 என்று மதிப்பிட்டார்கள். சூப்பர்வைசர் தானாகவே தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் என்பதால் பெரும்பாலான வீடுகளில் உரிமையாளர் கவனிக்கும் முன்பே சரியாகிவிட்டது. ஆதரவு முடிந்துபோன 32 பிட் பலகைக்கு அடுத்த முறை அப்படி ஒரு திருத்தம் வந்து சேராது. என் ரூட்டரில் வெளியிலிருந்து ஹோம் அசிஸ்டன்டுக்கு எந்தப் போர்ட்டையும், அதாவது நுழைவழியையும், திறந்து வைக்கவில்லை; வெளியூரிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் விபிஎன் என்ற பாதுகாப்பான தனி இணைப்பு வழியாகத்தான் வருகிறேன். ஆகவே இந்த ஆபத்து என் வீட்டில் குறைவு. ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. போர்ட்டைத் திறந்து வைத்திருப்பவர்களுக்கோ யோசிக்க இடமே இல்லை. அவர்கள் மேம்படுத்தத்தான் வேண்டும்.

இரண்டாவது, நாம் அசையாமல் இருந்தாலும் நம்மைச் சுற்றியுள்ளவை அசைகின்றன. கூடத்தில் உள்ள ஸ்மார்ட் சுவிட்சுகள் ஒரு உள்ளூர்ப் பெயரில் விற்கப்பட்டாலும் உள்ளே இருப்பது டுயா என்ற நிறுவனத்தின் தொழில்நுட்பம். ஹோம் அசிஸ்டன்டில் டுயாவை இணைக்க முன்பெல்லாம் டெவலப்பர் கணக்குத் தொடங்கி, டுயாவின் இணையச் சேவையில் ஒரு புராஜெக்ட் உருவாக்கி, அதன் காலம் முடிய முடியப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2024.2 இலிருந்து ஸ்மார்ட் லைஃப் செயலியில் ஒரு க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் போதும். மேம்படுத்தியவர்களுக்கு ஒரு தலைவலி தீர்ந்தது. எதிர்த்திசையிலும் நடக்கும். கேரேஜ் கதவுகளுக்கான மைக்யூ சேவையை வெளியார் மென்பொருள்கள் அணுக முடியாதபடி அதன் உரிமையாளர்கள் அடைத்துவிட்டதால், 2023.12 இல் அந்த இன்டெக்ரேஷனையே நீக்கினார்கள். அப்போது பழைய பதிப்பிலேயே இருந்தவர்களுக்கும் அது வேலை செய்யவில்லை. இணையத்தின் வழியாகப் பேசும் எந்தக் கருவியையும், பதிப்பை உறைய வைப்பதன் மூலம் காப்பாற்ற முடியாது. வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளும் ஈஎஸ்பிஹோம், ஜிக்பீ என்ற கம்பியில்லா முறை போன்றவற்றுக்கு மட்டுமே உறைய வைப்பது பலனளிக்கும்.

மூன்றாவது காரணம்தான் என் முடிவைத் தீர்மானித்தது. இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஹோம் அசிஸ்டன்ட் எதையும் திடீரென்று நீக்குவதில்லை. ஒரு பதிப்பில் இது இனி வேண்டாம் என்று முத்திரை குத்தி, வழக்கமாக ஆறு மாதமாவது கழித்துத்தான் நீக்குகிறது. இடைப்பட்ட காலத்தில், 2022.8 இல் வந்த 'ரிப்பேர்ஸ்' பக்கத்தில், உங்கள் வீட்டில் இன்ன என்டிட்டி (ஒரு சென்சாரின் அல்லது சுவிட்சின் பதிவு) பழைய முறையில் எழுதப்பட்டிருக்கிறது, இப்படி மாற்றுங்கள் என்று பெயர் சொல்லியே காட்டுகிறது. பழைய முறை டெம்ப்ளேட் சென்சார்களை, அதாவது மற்ற அளவுகளிலிருந்து கணக்கிட்டு நாமே எழுதும் சென்சார்களை, எடுத்துக்கொள்வோம். 2025.12 இல் அவை வழக்கொழிந்தவை என்று அறிவிக்கப்பட்டன, 2026.6 இல் நீக்கப்படும் என்று குறித்திருக்கிறார்கள். என் இன்வெர்ட்டர் கணக்குகள் முழுக்க அந்தப் பழைய முறையில் எழுதியவைதான். இந்த இரண்டு பதிப்புகளுக்கும் இடையில் ஒருமுறையாவது நின்றால், ரிப்பேர்ஸ் பக்கம் ஒவ்வொரு சென்சாரையும் எனக்குச் சுட்டிக்காட்டும். மாற்ற வேண்டிய வரிகளும் கண்முன்னே இருக்கும். 2025.4 இலிருந்து அவகாசம் முடிந்த பிறகு வரும் ஏதோ ஒரு பதிப்புக்கு ஒரே தாவலில் போனால், முன்னறிவிப்பு எதுவும் கண்ணில் படாமல், சென்சார்கள் காணாமல் போயிருப்பது மட்டுமே தெரியும். எது போனது, எதனால் போனது என்பதை நானேதான் தோண்டி எடுக்க வேண்டும்.

ஆகவே பொறுத்திருப்பதன் விலை மாதத்துக்கு மாதம் ஒரே அளவில் ஏறுவதில்லை. அறிவிப்புக் காலத்துக்குள் இருக்கும் வரை அது மிகக் குறைவு. அந்தக் காலத்தைத் தாண்டிவிட்டால் சட்டென்று பல மடங்காகிறது. மாதாமாதம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை, ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் தூங்கவும் கூடாது என்று இதிலிருந்து முடிவுக்கு வந்தேன். நான் ஏற்கெனவே அந்த எல்லையைத் தாண்டிவிட்டேன்.

ஏறலாம் என்றால் இறங்கவும் வழி வேண்டும். பேக்கப் எடுத்திருக்கிறோமே என்று பலரும் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ஆனால் பேக்கப் எடுப்பது வேறு, அதிலிருந்து திரும்ப முடிவது வேறு. ஹோம் அசிஸ்டன்டில் கட்டளை வரியிலிருந்து பழைய பதிப்பு எண்ணைக் கொடுத்து இறங்கலாம்தான். ஆனால் புதிய பதிப்பு முதன்முறை எழும்போது வரலாற்றுத் தரவுத்தளத்தின் அமைப்பையே மாற்றிவிடக் கூடும். மாறிய அமைப்பைப் பழைய பதிப்பு படிக்கும் என்பதற்கு உறுதி கிடையாது. எனவே மென்பொருளை மட்டும் இறக்காமல், மேம்படுத்தும் முன் எடுத்த முழு பேக்கப்பிலிருந்து மீட்பதுதான் சரியான வழி. 2025.1 இலிருந்து பேக்கப் முறையைப் புதிதாக அமைத்திருக்கிறார்கள்: தானியங்கி பேக்கப்புகள் குறியாக்கம் செய்யப்படுகின்றன, அதைத் திறக்கும் சாவியை ஓர் அவசரக் கோப்பாகத் தருகிறார்கள். அந்தக் கோப்பு ராஸ்பெர்ரி பைக்குள்ளேயே இருந்தால் எந்தப் பயனும் இல்லை. நான் அதை அச்சடித்து, பத்திரங்கள் இருக்கும் கோப்பில் வைத்திருக்கிறேன். பேக்கப்பின் நகலை மடிக்கணினியிலும் வைத்திருக்கிறேன்.

இவ்விஷயத்தில் 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு மாற வேண்டியிருப்பது ஒரு வகையில் நன்மையாக முடிந்தது. ராஸ்பெர்ரி பை 3 இன் செயலி 64 பிட் வகைதான். அதற்கான 64 பிட் ஹோம் அசிஸ்டன்ட் இயங்குதளமும் கிடைக்கிறது. ஆனால் இருக்கும் இடத்திலேயே மாற்ற முடியாது. புதிதாக எழுதி, பேக்கப்பிலிருந்து மீட்க வேண்டும். எனவே புது எஸ்டி கார்டு ஒன்று வாங்கினேன். புதியதில் எழுதி மீட்பது, பழைய கார்டைத் தொடாமல் அப்படியே எடுத்து வைப்பது. ஏதாவது கோளாறென்றால் மின்சாரத்தை அணைத்து, கார்டை மாற்றிச் செருகி, மீண்டும் போட்டால் வீடு பழைய நிலைக்கு வந்துவிடும். இடைப்பட்ட நாட்களின் பதிவுகள் மட்டும் விட்டுப்போகும். இதைவிட எளிமையான திரும்பும் வழி எனக்குத் தெரிந்து இல்லை. நான் ஊரில் இல்லாத நேரத்தில்கூட அம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்லி இதைச் செய்ய வைக்கலாம். பழைய கார்டின் மேல் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி, மோட்டார் சுவிட்ச் பெட்டிக்குள் டேப் போட்டு வைத்திருக்கிறேன்.

புதுப் பலகையே வாங்கிவிடலாமே என்று அலுவலக நண்பர் கேட்டார். ஒரு ஜிபி நினைவகம் மட்டுமே உள்ள பை 3 இல் 64 பிட் இயங்குதளம் சற்று நெருக்கமாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் பலகையையும் இயங்குதளத்தையும் பதிப்பையும் ஒரே நாளில் மாற்றி, அதன் பிறகு மாடிப்படி விளக்கு எரியவில்லையென்றால், எந்த மாற்றத்தால் என்று சொல்ல முடியாது. அதனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான். முதலில் அதே பலகையில், அதே 2025.4 பதிப்பை 64 பிட்டில் மீட்டு ஓட விடுவது. அது ஒரு சிறுவாணி முறை முழுவதையும் தடங்கலில்லாமல் தாண்டிய பிறகே 2025.12 க்குப் போவது. நினைவகம் போதவில்லை என்று அப்போது தெரிந்தால் பலகையைப் பற்றி யோசிப்பது.

இனி மோட்டார். மேம்படுத்தலுக்கு முன்பே செய்து முடித்திருக்க வேண்டிய வேலை இதுதான் என்று நினைக்கிறேன். மோட்டாரை எப்போது போடலாம் என்பதை ஹோம் அசிஸ்டன்ட் முடிவு செய்யட்டும். எப்போது நிறுத்தியே ஆக வேண்டும் என்பதை ரிலேவுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பலகையே முடிவு செய்ய வேண்டும். அதற்காகத் தொட்டியிலும் சம்ப்பிலும் ஒவ்வொரு மிதவை சுவிட்ச் போட்டு, வயரை நேராக ஈஎஸ்பிஹோம் பலகைக்கே இழுத்தேன். தொட்டி நிறைந்தாலோ, சம்ப் வறண்டாலோ, வைத்த நேரத்துக்கு மேல் மோட்டார் ஓடினாலோ, வைஃபை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரிலே விடுபடும். இதை எழுதும்போது ஈஎஸ்பிஹோமின் ஓர் அமைப்பு கண்ணில் பட்டது. பலருக்கும் பயன்படும் என்பதால் குறிப்பிடுகிறேன். ஹோம் அசிஸ்டன்டோடு 15 நிமிடம் தொடர்பு கிடைக்கவில்லையென்றால் ஈஎஸ்பிஹோம் பலகை தன்னைத்தானே ரீபூட் செய்துகொள்ளும். இதுவே அதன் இயல்பான அமைப்பு. புது கார்டில் பேக்கப் மீட்பது 15 நிமிடத்தில் முடியாது. அந்த நேரத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் பாதியில் நின்றுவிடும். பலகையும் திரும்பத் திரும்ப ரீபூட் ஆகிக்கொண்டிருக்கும். ஈஎஸ்பிஹோம் அமைப்புக் கோப்பின் ஏபிஐ பகுதியில் 'ரீபூட் டைம்அவுட்' மதிப்பைச் சுழியாக வைத்தால் இது நிற்கும். அதோடு, ரீபூட் ஆனபின் ரிலே எந்த நிலையில் எழ வேண்டும் என்பதையும் இயல்பாக இருக்கும் அமைப்பை நம்பி விடாமல், எப்போதும் அணைந்தே எழ வேண்டும் என்று வெளிப்படையாக எழுதி வைத்தேன். கடைசியாக, ஸ்டார்ட்டருக்கு அருகில் ஒரு சேஞ்ச்ஓவர் சுவிட்ச்: ஒரு பக்கம் தானியங்கி, மறுபக்கம் கையால். எலக்ட்ரீசியன் அதைப் பொருத்திவிட்டுப் போன அன்று, நடக்கப் போவதை அம்மாவிடம் விளக்கினேன். "நீ எத வேணா மாத்திக்க கண்ணு, காலையில குழாயத் திறந்தா தண்ணி வரோணும்" என்றார். மேம்படுத்தலுக்கான நிபந்தனையை இதைவிடச் சுருக்கமாக எழுத என்னால் முடியாது.

எப்போது செய்வது என்பதும் முடிவின் ஒரு பகுதிதான். ஒரு பதிப்பு வெளியான முதல் வாரத்தில் ஏறுவதில்லை என்பது என் வழக்கம். முதல் வெளியீட்டுக்குப் பின் சில நாட்களிலேயே .1, .2, .3 என்று திருத்தங்கள் வரத் தொடங்கும்; மாதக் கடைசியில் வந்த திருத்தத்தை எடுத்தால், மற்ற வீடுகளில் வெளிப்பட்ட கோளாறுகள் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். அப்படிப் பார்த்தால் 2025.12 இன் கடைசித் திருத்தம் எனக்குப் பொருத்தமான இடம்: பல கைகளில் பட்டுத் தேறிய பதிப்பு, டெம்ப்ளேட் எச்சரிக்கையும் அதில் இருக்கிறது, நீக்கம் இன்னும் நடந்திருக்காது. நாளைப் பொறுத்தவரை, சிறுவாணித் தண்ணீர் வரும் நாளாக இருக்கக் கூடாது. நான் மறுநாளும் வீட்டில் இருக்கும் நாளாக இருக்க வேண்டும். மின்வாரியம் பராமரிப்புக்காக மின்தடை அறிவித்த நாளாக இருக்கக் கூடாது. தரவுத்தளம் மாறிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் எஸ்டி கார்டு கெட்டுப்போக வாய்ப்புண்டு என்பதால், பையையும் ரூட்டரையும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றிவிட்டேன். ரீடிங் எடுத்துப் போன மறுநாளைத் தேர்ந்தெடுத்தது இன்னொரு வசதி. ஒருவேளை பழைய கார்டுக்குத் திரும்பி, சில நாள் பதிவுகள் விட்டுப்போனாலும், இரண்டு மாதக் கணக்கின் தொடக்கத்திலேயே அது நடந்திருக்கும். மீட்டரைப் பார்த்து ஒரே எண்ணைத் திருத்தினால் 500 யூனிட் எச்சரிக்கை மறுபடியும் சரியாகிவிடும்.

2025.5 முதல் 2025.12 வரையிலான எட்டு வெளியீட்டுக் குறிப்புகளையும் முழுக்கப் படிக்க வேண்டிய தேவையில்லை. நான் பயன்படுத்தும் இன்டெக்ரேஷன்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பழையபடி இயங்காதவை என்ற பகுதியில் மட்டும் அந்தப் பெயர்களைத் தேடினேன். நீளமாகத் தோன்றும் அந்தப் பகுதியில் நம் வீட்டைத் தொடுவது சில வரிகள்தான். ஒரு மாலை போதுமானதாக இருந்தது. மேம்படுத்திய பிறகு எதை முதலில் சோதிப்பது என்பதற்கும் அதே தாள் உதவும்: முதலில் இரண்டு மோட்டார்கள், கையால் ஒருமுறை, தானாக ஒருமுறை, பிறகு அப்பா நடக்கும் வழியில் உள்ள விளக்குகள், மற்றவை எப்போது வேண்டுமானாலும்.

ஆகவே முடிவு, மேம்படுத்துவது. 64 பிட்டுக்கு முதலில், 2025.12 க்கு அடுத்து, டெம்ப்ளேட்டுகளைத் திருத்தி எழுதிய பின்பே 2026 பதிப்புகளுக்கு. அதன் பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ரீடிங்கை ஒட்டி ஒரு படி.

ஜிக்பீ கருவிகளை ஹோம் அசிஸ்டன்டோடு இணைக்கும் ஜிக்பீ2எம்க்யூடிடியை மட்டும் இந்தச் சுற்றில் தொடப் போவதில்லை. அது ஹோம் அசிஸ்டன்டின் பகுதி அல்ல, தனியாகச் சேர்த்துக்கொள்ளும் ஆட்-ஆன் மென்பொருள்; எங்கள் வீட்டில் இன்னும் 1.42 இல் நிற்கிறது. 2025 ஜனவரியில் வந்த 2.0 பதிப்பில், பொத்தான்களை அழுத்தும்போது மாறும் பழைய ஆக்‌ஷன் சென்சார்கள் இயல்பாகவே அணைக்கப்பட்டுவிட்டன. அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உள்ள அழைப்புப் பொத்தான் அந்தச் சென்சாரை நம்பித்தான் மணியடிக்கிறது. அந்த ஆட்டோமேஷனை பொத்தான் அழுத்தலை நேரடியாகப் பெறும் எம்க்யூடிடி டிவைஸ் டிரிக்கர் முறைக்கு மாற்றி எழுதி, 1.42 இலேயே சோதித்து, அது ஒழுங்காக மணியடிப்பதை அப்பாவே அழுத்திப் பார்த்த பிறகுதான் 2.0 க்கு நாள் குறிக்க வேண்டும்.